பஸ்ஸானோ தெல் கிராப்பா: ஊர், மலைப்படி, நதிப்பாதை, உச்சி – எந்த வரிசையில், எப்படி

இத்தாலியின் வெனெத்தோ மாநிலத்தில், பிரெந்தா நதி மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் வாசலில் இருக்கிறது பஸ்ஸானோ தெல் கிராப்பா. ஊரின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 130 மீட்டர். வடகிழக்கே தெரியும் மோந்தே கிராப்பாவின் உச்சி 1,775 மீட்டர். ஊரில் நின்று பார்த்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போலத்தான் தோன்றும். அதை நம்பி, வந்த மறுநாளே, காலைச் சாப்பாட்டை நிதானமாக முடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு உச்சிக்குக் கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதி வழியில் கால் ஓய்ந்துவிடும். மீதிப் பாதியில் மேகம் வந்து மூடிவிடும்.

இந்தப் பகுதியில் எதைப் பார்க்கிறோம் என்பதைவிட எதை முதலில் பார்க்கிறோம் என்பது முக்கியம். ஐந்து நாள் கையில் இருந்தால் போதும். முதல் நாள் ஊரும் நதிக்கரையும், அடுத்து மலைப்படி, அடுத்து ஏரியிலிருந்து ஊர் வரை சைக்கிள். உச்சிக்கு மட்டும் முன்கூட்டித் தேதி குறிக்காதீர்கள். வானம் தெளியும் நாள் எதுவோ அது உச்சிக்கு. மற்றவற்றை அதைச் சுற்றி நகர்த்துங்கள்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரையும், செப்டம்பர் முதல் அக்டோபர் நடு வரையும் நல்ல காலம். நடைக்கும் சைக்கிளுக்கும் அப்போதுதான் வெயில் இதமாக இருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் கீழே சமவெளி 30 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அந்தச் சூடான, ஈரமான காற்று மலைச்சரிவில் மோதி மேலேறி, மதியத்துக்குமேல் இடிமழையாகக் கொட்டும். அந்த மாதங்களில்தான் வர முடியும் என்றால் எல்லா நாளும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஒரு மணிக்குள் உயரத்தை விட்டு இறங்கிவிட வேண்டும்.

நவம்பருக்குப் பிறகு உச்சிப்பக்கம் பனி. சாலை இருக்கிறது என்பதற்காக அது திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: அக்டோபர் கடைசி ஞாயிறன்று இத்தாலியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்தே மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடும்.

2. தங்குமிடம் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில்

வெனிஸிலிருந்து பஸ்ஸானோவுக்கு நேரடி ரயில் உண்டு, சுமார் ஒன்றேகால் மணி நேரப் பயணம். பஸ்ஸானோவிலிருந்து நதிப் பள்ளத்தாக்கு வழியாகத் திரெந்தோ வரை இன்னொரு தடம் போகிறது. இந்த வழிகாட்டியில் உள்ள மலைப்படிக்கும் ஏரிக்கும் அந்தத் தடம்தான் துணை. அதனால் மலைமேல் அழகான வீடு கிடைக்கிறது என்று போகாமல், நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். பழைய ஊரும் அங்கிருந்து சில நிமிட நடைதான்.

முன்பதிவு செய்யும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: சைக்கிளை இரவில் பூட்டிவைக்க உள்ளிடம் இருக்கிறதா? வாடகை இ-பைக் என்றால் பேட்டரியைச் சார்ஜ் போடும் வசதியையும் கேளுங்கள்.

கார் எடுத்தால், பழைய ஊருக்குள் வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி உண்டு. சிவப்பு வட்டப் பலகையைக் கவனிக்காமல் நுழைந்தால் கேமரா படம் எடுத்துவிடும். அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வாடகைக் கார் நிறுவனம் வழியாக வீடு தேடி வரும். வாகனம் நிறுத்த நீலக் கோடு என்றால் கட்டணம், வெள்ளைக் கோடு என்றால் இலவசம், மஞ்சள் கோடு நமக்கில்லை.

3. கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் தவறுவது இதில்தான். கிராப்பாவும் எதிரே உள்ள ஆஸியாகோ பீடபூமியும் சுண்ணாம்புக்கல் மலைகள். பெய்கிற மழை பாறை வெடிப்புகள் வழியே உள்ளே இறங்கி, அடியில் ஊற்றாக வெளிவருகிறது. மேலே எவ்வளவு பச்சை இருந்தாலும் ஓடை இருக்காது. வழியில் பிடித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் காலத்தில் அதற்கும் மேல்.

காலுக்கு, அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் மலை நடைக் காலணி. ஓட்டப் பயிற்சிக் காலணி ஈரச் சுண்ணாம்புக்கல்லில் வழுக்கும்.

கோடையிலும் ஒரு காற்றுத்தடுப்பு மேலாடை வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஊரில் 28 டிகிரி என்றால் உச்சியில் 18 இருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் நடுக்கம் எடுக்கும்.

உண்ணி இங்கே உண்மையான தொல்லை. புல்லுக்குள் நடந்துவிட்டு வந்தால் அன்றிரவே முழங்காலுக்குப் பின்புறம், இடுப்புப் பட்டை இருந்த இடம், அக்குள் ஆகியவற்றைப் பாருங்கள். எள்ளளவு கறுப்பாக ஒட்டியிருக்கும். மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது இரண்டும் கூடாது. அவை உண்ணியைத் தொந்தரவு செய்து கிருமியை உள்ளே தள்ள வைக்கும்.

சைக்கிளுக்கு முன்பின் விளக்குகளும் ஒளி பிரதிபலிக்கும் மேற்சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே இருட்டிய பிறகும், எந்நேரமும் சுரங்கச் சாலைகளிலும், சைக்கிளில் போகிறவர் அந்தச் சட்டை அணிய வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம்.

அவசரத்துக்கு 112. கைபேசியில் சிக்னல் இல்லாமல் மாட்டிக்கொண்டால், விசிலோ டார்ச்சோ கொண்டு ஒரு நிமிடத்தில் ஆறு முறை சைகை, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. ஆல்ப்ஸ் முழுக்க உதவி கேட்கும் முறை இதுதான். நிமிடத்துக்கு மூன்று முறை பதில் சைகை வந்தால் உங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று பொருள்.

4. முதல் நாள்: பாலம், ஊர், நதிக்கரையில் ஒரு சோதனை ஓட்டம்

காலையில் பழைய மரப் பாலத்தில் தொடங்குங்கள். 1569-இல் கட்டடக் கலைஞர் பல்லாதியோ வரைந்த வடிவம் அது. வெள்ளத்திலும் போரிலும் பலமுறை அழிந்தும் அதே வடிவில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பாலத்தின் மேல் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், இறங்கிக் கரையோரமாக நடந்து கீழிருந்து பாருங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் தூண் வரிசையின் சாமர்த்தியம் அங்கிருந்துதான் புரியும். வடக்கே மலையிடுக்கும் அங்கிருந்தே தெரியும். அடுத்த நாட்களில் நீங்கள் நுழையப் போவது அதற்குள்தான்.

வியாழன், சனிக்கிழமைகளில் சதுக்கங்களில் சந்தை கூடும். வழிக்கு வேண்டிய ரொட்டி, பழம், ஆஸியாகோ பாலாடைக்கட்டி எல்லாம் அங்கே வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான கடைகளை மதியம் மூன்று மணி நேரம்போல மூடிவிடுவார்கள், ஆகவே வாங்க வேண்டியதைப் பன்னிரண்டுக்குள் வாங்குங்கள்.

பிற்பகலில் சைக்கிளை எடுத்துக்கொண்டு நதியின் வலக்கரை வழியே, அதாவது மேற்குக் கரை வழியே, வடக்கு நோக்கிப் போங்கள். கம்பேஸே, ஒலியேரோ தாண்டி வல்ஸ்தாஞ்ஞா வரை சுமார் 13 கி.மீ. ஏற்றம் மிகக் குறைவு. எதிர்க்கரையில் போகும் தேசிய நெடுஞ்சாலையில் லாரிகள் நெருக்கியடித்து ஓடுகின்றன; வரைபடச் செயலி குறுக்குவழி என்று காட்டினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இந்தச் சின்ன ஓட்டத்துக்குக் காரணம் இருக்கிறது. இருக்கை உயரம் சரியா, கியர் ஒழுங்காக மாறுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்பதெல்லாம் சமதளத்திலேயே தெரிய வேண்டும். பழுது இருந்தால் அன்று மாலைக்குள் கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒலியேரோவில் குகைக்குள் படகில் அழைத்துப் போவார்கள். ஆஸியாகோ பீடபூமியில் உள்ளிறங்கிய மழைநீர் இங்கேதான் ஊற்றாகப் பெருகி பிரெந்தாவில் சேர்கிறது. திறக்கும் நாட்கள் பருவத்துக்குத் தக்கபடி மாறும். முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

5. காலா தெல் ஸாஸ்ஸோ: 4,444 படிகள்

வல்ஸ்தாஞ்ஞாவுக்கு அருகே ஃப்ரென்ஸேலா பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஸாஸ்ஸோ என்ற சிற்றூர் வரை ஏறும் கற்படி வரிசை இது. 4,444 படிகள், 744 மீட்டர் உயரம். கணக்குப் போட்டால் ஒரு படி சுமார் 17 செ.மீ.; நம் வீட்டு மாடிப்படி அளவுதான். ஆனால் படிகள் ஒரே அளவில் இல்லை. சில படி அரையடி அகலம், சில இரண்டெட்டு அகலம், கல்லும் சாய்ந்திருக்கும். அதனால் ஒரே தாளத்தில் ஏற முடியாது. தொடைக்கு வேலை அதிகம்.

படிகளுக்குப் பக்கத்திலேயே கல் பாவிய ஒரு கால்வாய் கூடவே வரும். பீடபூமியில் வெட்டிய மரங்களை நதிக்குச் சறுக்கிவிட அமைத்தது அது. பார்க்கச் சரிவான பாதை போல இருப்பதால், படியேறி அலுத்தவர்கள் அதில் நடக்க ஆரம்பிக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். தலைமுறை தலைமுறையாக மரம் தேய்த்து வழவழப்பான கல், அதன்மேல் காய்ந்த இலை, இலைக்கு அடியில் ஈரம். இலையில் கால் வைத்ததும் வழுக்கிவிடும்.

வரிசை இப்படி: பஸ்ஸானோவிலிருந்து காலை ரயிலில் கர்பனே-வல்ஸ்தாஞ்ஞா நிலையத்தில் இறங்கிப் பாலம் கடந்து வல்ஸ்தாஞ்ஞா ஊருக்குள் வாருங்கள். தண்ணீர் பாட்டிலை நிரப்புவதை ஊருக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். அங்கிருந்து பள்ளத்தாக்குச் சாலை வழியே படி தொடங்கும் இடம் வரை சில கி.மீ. நடை. இந்த நடையை மறந்து, ரயிலை விட்டு இறங்கியதும் படி என்று நினைப்பவர்கள் நேரக் கணக்கில் தவறிவிடுகிறார்கள்.

இத்தாலிய ஆல்பைன் கழகத்தின் பாதைகளில் மரத்திலும் பாறையிலும் சிவப்பு வெள்ளைப் பட்டை தீட்டியிருக்கும், நடுவில் பாதை எண். பத்து நிமிடம் நடந்தும் ஒரு பட்டைகூடக் கண்ணில் படவில்லை என்றால் நின்று, கடைசியாகப் பட்டை பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். முன்னே போனால் கிடைக்கும் என்று போகிறவர்கள்தான் வழி தவறுகிறார்கள். கைகாட்டிப் பலகையில் எழுதியிருக்கும் நேரம் மலை நடை பழகியவர்களுக்கான நேரம், ஓய்வைச் சேர்க்காமல். முதல்முறை வருகிறவர்கள் அதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாதையின் தரத்தை லத்தீன் எழுத்தால் குறிப்பார்கள்: ஒற்றை 'இ' என்றால் சாதாரண நடையாளர்களுக்கு, இரட்டை 'இ' என்றால் அனுபவசாலிகளுக்கு. முதல் வாரத்தில் இரட்டை 'இ' பக்கம் போக வேண்டாம்.

முந்தைய நாள் மழை பெய்திருந்தால் இந்த நடையைத் தள்ளிப்போடுங்கள். பள்ளத்தாக்கு குறுகலானது, வெயில் அதிகம் படாது, கல்லெல்லாம் பாசி. ஏறுவது எப்படியாவது முடியும். அதே படியில் இறங்குவதுதான் ஆபத்து. இறங்க மேலிருந்து பஸ் கிடைக்கும் என்று நம்பி ஏறுவதும் வேண்டாம், நேர அட்டவணையைக் கையில் வைத்திருந்தாலொழிய.

இறங்கும்போது கைத்தடி இரண்டு இருந்தால் முழங்கால் தப்பிக்கும். மறுநாள் தொடை கட்டிக்கொள்ளும். அதனால்தான் அடுத்து சைக்கிள். அதுவும் பெரும்பாலும் இறக்கம்.

6. ஏரியிலிருந்து பஸ்ஸானோ வரை: வால்சுகானா சைக்கிள் பாதை

பிரெந்தா நதி திரெந்தோ மாகாணத்தில் கால்தொனாத்ஸோ, லேவிகோ ஏரிகளிலிருந்து புறப்படுகிறது. ஏரியில் தொடங்கி நதியோடு சேர்ந்தே பஸ்ஸானோ வரை சுமார் 80 கி.மீ. ஏரி இருப்பது 450 மீட்டர் உயரத்தில், முடியும் இடம் 130 மீட்டரில். அதனால் மேலே ரயிலில் போய்க் கீழே சைக்கிளில் வருவதுதான் முறை. 80 கி.மீ. அதிகம் என்றால் போர்கோ வால்சுகானாவில் இறங்கித் தொடங்குங்கள், தூரம் கணிசமாகக் குறையும்.

ரயில்: சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். காகிதச் சீட்டு என்றால் நடைமேடையில் உள்ள எந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொண்ட பிறகே ஏறுங்கள். கைபேசிச் சீட்டு என்றால் வண்டி ஏறுமுன் அதில் செக்-இன் செய்ய வேண்டும். சீட்டு இருந்தும் இதைச் செய்யாமல் அபராதம் கட்டுகிறவர்கள் ஏராளம். ஒரு வண்டியில் சைக்கிளுக்கு இருக்கும் இடம் கொஞ்சம்தான், வார இறுதியில் சீக்கிரம் நிரம்பிவிடும். வேலைநாளில் காலை வண்டியைப் பிடியுங்கள். இன்னொன்று: தடத்தில் பராமரிப்பு நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுவார்கள். அதில் சைக்கிள் ஏற்றலாம் என்று எண்ணிவிடாதீர்கள். முந்தைய இரவே அட்டவணையில் ரயில் படமா, பஸ் படமா என்று பாருங்கள்.

காற்று: பகலில் சமவெளிக் காற்று பள்ளத்தாக்கு வழியே மேல்நோக்கி வீசும். நீங்கள் கீழ்நோக்கி வருவதால் அது முகத்துக்கு நேரே அடிக்கும். பாதை இறக்கம் என்பதை நம்பி ஏரிக்கரையில் மதியம் வரை உட்கார்ந்திருப்பவர்கள், கடைசி 25 கி.மீ.யில் இறக்கத்திலும் மிதித்துத் தள்ள வேண்டியிருக்கும். ஒன்பதரைக்குள் சக்கரம் உருளத் தொடங்கினால் பெரும் பகுதியை அமைதியான காற்றில் முடித்துவிடலாம்.

திரெந்தோ மாகாணத்துக்குள் பாதை தனியாக, வழவழப்பாக, தெளிவான பலகைகளோடு இருக்கும். ஆப்பிள் தோட்டங்களுக்கும் சோளக் கொல்லைகளுக்கும் நடுவே போகும். பிச்சிகிரில் என்ற பெயரில் சைக்கிள்காரர்களுக்கான சாப்பாட்டு நிறுத்தங்களும் உண்டு. பிரிமொலானோ பக்கம் வெனெத்தோவுக்குள் நுழைந்ததும் நிலைமை மாறும். பள்ளத்தாக்கு குறுகி, ஆங்காங்கே பழைய சாலையை வாகனங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிவரும். களைப்பும் அந்த நேரத்தில்தான் வரும். ஆகவே எல்லைக்கு முன்பே சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பி, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் தொடருங்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் அங்கேயே முடித்துக்கொண்டு ரயில் ஏறலாம். அதில் குறை ஒன்றும் இல்லை.

வல்ஸ்தாஞ்ஞாவை நெருங்கும்போது இருபுறச் சரிவிலும் கல்லடுக்கிக் கட்டிய படிநிலங்கள் தெரியும். ஒரு காலத்தில் புகையிலை பயிரிட்டவை. அங்கிருந்து பஸ்ஸானோ வரை முதல் நாள் பார்த்த அதே வலக்கரைப் பாதை. களைத்த நேரத்தில் தெரிந்த பாதையில் வருவது பெரிய ஆறுதல்.

7. மோந்தே கிராப்பா: வானம் தெளிந்த நாளில்

முந்தைய மாலை வெனெத்தோ மாநிலத்தின் வானிலை அறிக்கையில் மலைப் பகுதிக்கான பக்கத்தைப் பாருங்கள். பஸ்ஸானோ ஊருக்கான முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போவது பயனில்லை. சமவெளி மலையை முதலில் தொடும் இடம் இது. கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மூடுபனி இருக்கும். காலை எழுந்ததும் மலையைப் பாருங்கள். எட்டு மணிக்கே உச்சியைச் சுற்றி மேகம் சேர்ந்திருந்தால் அன்று போகாதீர்கள்.

சைக்கிளில் என்றால் முதல்முறைக்கு ரொமானோ தெட்ஸெலீனோவிலிருந்து ஏறும் கதோர்னா சாலை. முதல் உலகப் போரின்போது படைக்காகப் போட்டது என்பதால் சரிவு மிதமாகவே ஏறும். சுமார் 25 கி.மீ., நடுவில் கால் ஆற இடமும் உண்டு. கம்போ ஸொலாஞ்ஞா பக்கத்தில் நிறுத்தி எதையாவது சாப்பிடுங்கள்.

செமோன்ஸோ பக்கத்துச் சாலையில் ஏற ஆசைப்படுகிறவர்கள் உண்டு. 2024 ஜிரோ த இத்தாலியா சைக்கிள் பந்தயத்தில் போட்டியாளர்கள் இரண்டு முறை ஏறியது அதில்தான்: 18.1 கி.மீ., சராசரி 8.1 சதவீதச் சரிவு. தொலைக்காட்சியில் பார்த்து வருகிற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் சராசரி எட்டு என்றால் பல இடங்களில் பத்துக்கு மேல். கதோர்னா சாலையில் ஒருமுறை சிரமமில்லாமல் ஏறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து கி.மீ.யில் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால், உங்கள் வேகம் அதிகம் என்று பொருள். இ-பைக் என்றாலும் அதிக உதவி தரும் நிலையிலேயே வைத்து ஏறினால் பேட்டரி உச்சிக்கு முன்பே தீர்ந்துபோகலாம்.

நடந்து ஏற விரும்புகிறவர்களுக்குக் கிழக்குப் பக்கம் ஸான் லிபெராலே பள்ளத்தாக்கு நல்ல தொடக்கம். ஏற்றம் ஆயிரம் மீட்டருக்கு மேல், காலாவைவிடக் கடினம். காலாவில் கால் எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவெடுங்கள்.

பாதைக்கு வெளியே போகாதீர்கள். 1917, 1918-இல் கடும் போர் நடந்த மலை இது. வெடிக்காத குண்டுகள் இன்றும் அகப்படுகின்றன. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு 112-க்குச் சொல்லுங்கள். மேய்ச்சல் வேலியைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள். ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் வந்தால் ஓட வேண்டாம். சைக்கிளை விட்டு இறங்கி, அதை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்தபடி, மந்தையைச் சுற்றி விலகி நடங்கள்.

உச்சியில் இருப்பது போர்வீரர்களின் கல்லறை. இத்தாலியரும் ஆஸ்திரிய-ஹங்கேரியருமாக 22,000-க்கும் அதிகமானவர்கள் அங்கே கிடக்கிறார்கள். அதில் பெரும்பாலோரின் பெயரே தெரியாது. படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதும் சத்தம் போடுவதும் அங்கே தகாது. சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே மலைவிடுதி உண்டு. சைவர்களுக்குப் பொலெந்தா என்ற மக்காச்சோளக் களியும் காளானும் கிடைக்கும். "நியெந்தே கார்னே, நியெந்தே பெஷ்ஷே" என்று இறைச்சியும் மீனும் வேண்டாம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று அங்கே நினைவு நிகழ்ச்சி நடக்கும், கூட்டம் மிகும். பொதுவாகவே ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள்கள் அதிகம் என்பதால் வேலைநாள் நல்லது.

இறக்கம்: மேலாடையைப் போட்டுக்கொண்டபின் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன் நேர்ப்பகுதியில் இரண்டையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கை மரத்துப்போனால் நிறுத்துங்கள். விரலில் உணர்வு இல்லாமல் பிரேக் பிடிக்க முடியாது.

8. மேகம் விலகாத நாட்களுக்கு

மாரோஸ்திகா மேற்கே 7 கி.மீ.தான். கீழ்க் கோட்டையிலிருந்து மேல்க் கோட்டை வரை மலைமேல் ஏறும் மதிலைப் பார்க்கலாம், தூறலிலும் நடக்க முடியும். மனிதர்களே காய்களாக நின்று ஆடும் சதுரங்கம் இரட்டைப்படை ஆண்டுகளின் செப்டம்பரில் நடக்கும். அதற்கு வருவதானால் அறையைப் பல மாதம் முன்பே பிடியுங்கள்.

கிழக்கே ஆஸொலோவும் பொஸ்ஸாஞ்ஞோவும். பொஸ்ஸாஞ்ஞோ சிற்பி கனோவா 1757-இல் பிறந்த ஊர். பளிங்கில் வடிப்பதற்கு முன் அவர் செய்த சுதைமாதிரிகள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அருகே போய்ப் பார்த்தால், உடலெங்கும் சின்னச் சின்ன உலோக முனைகள் குத்தியிருப்பது தெரியும். அளவைப் பளிங்குக்கு மாற்ற வைத்த குறிகள் அவை. மழை நாளுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. இத்தாலியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஆகவே கிளம்புமுன் அன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.